ஆம்புலன்ஸ் எல்லை தாண்டும், அதில் இருப்பவரின் தகுதி?

ஓசூர்ப் பக்கம் விபத்தில் தலையில் அடிபட்டவரை பெங்களூருவின் மூளை நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குக் கொண்டு ஓடுவது எங்களுக்குப் புதிதல்ல. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். வண்டியை யாரும் நிறுத்தப்போவதில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்து நோயாளியின் மூச்சைக் காத்துக்கொண்டு வரும் மருத்துவ உதவியாளர் அந்தப் பக்கம் யாருடைய அனுமதியில் சிகிச்சை தருகிறார்? ஏதாவது தவறாகிப் போனால் சட்டம் அவரை என்னவாகப் பார்க்கும்?

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. மாநிலத்துக்கு ஒரு லைசென்ஸ். இதைத் தீர்க்கவே அவசர மருத்துவப் பணியாளர்களுக்காக 'இ.எம்.எஸ். காம்பாக்ட்' என்ற மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் வந்தது. 2015-இல் கொலராடோ முதலில் சட்டமாக்கியது. 2017-இல் பத்தாவதாக ஜார்ஜியா சேர்ந்தது. கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் இருக்கின்றன. கலிஃபோர்னியா இன்னும் சேரவில்லை. சொந்த மாநில லைசென்ஸ் இருந்தால் உறுப்பு மாநிலத்தில் பணி நிமித்தம் சிகிச்சை தரலாம். அங்கே தவறு செய்தால் அந்த உரிமையை அந்த மாநிலமே பறிக்கலாம். பதிவுகள் உறுப்பு மாநிலங்களுக்குப் பொதுவான தரவுத்தளத்தில் இருப்பதால் ஓரிடத்தில் தண்டிக்கப்பட்டவர் இன்னோர் இடத்தில் போய் மறைத்துக்கொள்ள முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான். எல்லையைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை அவர்கள்.

நம் நாட்டில் 2021 வரை ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்களுக்கென்று நாடு முழுமைக்குமான சட்டமே கிடையாது. நர்ஸுக்குக் கவுன்சில் உண்டு, பதிவு எண் உண்டு. 108-இல் நர்சிங் முடித்தவரோடு விலங்கியல், உயிர்வேதியியல் படித்தவர்களும் பயிற்சி பெற்று மருத்துவ உதவியாளராகிறார்கள். ஓடும் வண்டியிலேயே பிரசவம் பார்த்த கைகள் அவை. வேலையை விட்டு வேறு மாநிலம் போனால் அந்த அனுபவத்துக்கு என்ன மதிப்பு?

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவசரகால மருத்துவத் தொழில்நுட்பரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மத்தியப் பதிவேடு, மாநிலக் கவுன்சில் எல்லாம் அதில் உண்டு. மாநிலங்கள் சுணங்கியதால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, சீக்கிரம் நடைமுறைப்படுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

பதிவுக்கான விதிகளை எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான். பட்டத்தை மட்டும் பார்த்து, வருடக்கணக்கில் வண்டியில் உழைத்தவர்களை வெளியே நிறுத்திவிடாதீர்கள். செய்முறைத் தேர்வு வையுங்கள், தேறியவருக்குப் பதிவு கொடுங்கள். தமிழகம், கர்நாடகம், கேரளம், ஆந்திரம், புதுச்சேரி ஐந்தும் உட்கார்ந்து பேசி, எந்த மருந்தைத் தரலாம், எந்த டாக்டரின் சொல்படி தரலாம் என்று பொதுவாக எழுதிக்கொள்ளுங்கள்.