எட்டுப் போட்ட கையோடு இருநூறு சிசி

போன மாதம் அக்கா போன் செய்தாள். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, உன்னாலதான் இங்க வீட்ல ரகளை" என்றாள். அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். பைக் வேண்டுமாம். அதுவும் மாமா வைத்திருக்கிற மாதிரியே வேண்டுமாம். மூன்று நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "மாமா மட்டும் ஓட்டலாமான்னு கேக்கறான். என்ன சொல்றதுன்னு நீயே சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

நேரில் போய்த்தான் பதில் சொன்னேன். சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இதே பேச்சு இந்நேரம் இன்னும் எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கும்.

என்னிடம் இருப்பது 200 சிசி வண்டி. எந்தக் கம்பெனி என்பது இந்தப் பேச்சுக்குத் தேவையில்லை. தண்ணீர் ஓடிக் குளிர்விக்கிற இன்ஜின், கொஞ்சம் முன்னால் குனிந்து பிடிக்கிற ஹேண்டில், தூக்கி நிற்கும் பின் சீட்டு, அகலமான டயர். இந்த ரகத்தில் எதை எடுத்தாலும் அதோடு குடித்தனம் நடத்துவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆறு வருடத்தில் 46,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். வேலைக்குப் போவதும் அதில்தான், மகளைப் பள்ளியில் விடுவதும் அதில்தான்.

முதலில் அதிலுள்ள சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு ஆபத்தை மட்டும் சொன்னால் இருபது வயதுப் பையன் காது கொடுத்துக் கேட்க மாட்டான்.

சேலத்துக்காரனுக்கு ஏற்காடு வீட்டு மாடிப்படி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு, ஸ்டார்ட் செய்யாமலே வண்டியைத் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போவேன். எதிர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. முனையில் ஸ்டார்ட் செய்து, அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் பதமாகச் சூடாகியிருக்கும். அதற்கப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, வளைவு முடிகிற இடத்தைத் தேடிக் கண்ணைத் திருப்பினால், வண்டி அந்தக் கோட்டிலேயே சாய்ந்து போகும். பாதி வளைவு தாண்டியதும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்தால் பின் டயர் தரையை அழுத்திப் பிடித்துக்கொள்வது இடுப்பில் தெரியும். இத்தனையும் நடப்பது முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில். மேலே போய் ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கினால், அந்த வாரம் முழுக்க என்ன தலைவலி வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். எனக்கு அது உண்மை.

சரி, மற்ற ஆறு நாட்கள்?

ஏப்ரல் மாதம், ஐந்து ரோடு சிக்னல், மதியம் இரண்டு மணி. ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும். இன்ஜின் சூடு முழுவதும் முழங்காலிலும் தொடையிலும் வந்து அடிக்கும். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. சூட்டை வெளியே தள்ளத்தான் அந்த ஃபேன் இருக்கிறது, தள்ளுகிற வழியில் நம் கால் இருக்கிறது. மெல்லிய பேன்ட் போட்டால் அன்றைக்கு அவஸ்தைதான். நகருக்குள் ஒரு மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டு வலிக்கும். உடம்பு எடையைக் கையில் போடாமல் தொடையால் டேங்கைக் கவ்வி உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஒரு வருடம் ஆனது. மழையில் பின் டயர் வாரியடிக்கிற சேறு சட்டை முதுகில் கோடு போட்டிருக்கும். டீக்கடையில் யார் பக்கத்தில் வந்து நின்றாலும் முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்குது?" என்னுடையது லிட்டருக்கு 35 கொடுக்கிறது. கேட்டவர் முகம் சுருங்கிப் போகும்.

அம்மாவை ஒரு முறை கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பின் சீட்டில் ஏறுவதற்கே அம்மா திண்ணை மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. இறங்கியதும், "ஏங்கண்ணு, கூரை மேல கோழி உக்காந்த மாதிரி இருக்குது" என்றாள். அதற்கப்புறம் அம்மா அந்த வண்டியில் ஏறவே இல்லை. அம்மாவுக்காக ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ரக வண்டி வாங்குகிற பல பையன்கள் முதல் வேலையாக சாரி கார்டைக் கழற்றி எறிகிறார்கள், அழகைக் கெடுக்கிறதாம். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும், பின் சக்கரத்தில் துணி சிக்காமல் மறைப்பும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. சட்டத்தை விடுங்கள், அக்காவோ அம்மாவோ தோழியோ ஒரு நாள் பின்னால் உட்காரத்தான் போகிறார்கள். அவர்கள் துப்பட்டா அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் பறக்கும். தயவுசெய்து கழற்றாதீர்கள்.

அப்புறம் செயின். இந்த வண்டிகளில் செயின் மூடியில்லாமல் திறந்தே கிடக்கும். தூசி, மணல், மழைத் தண்ணீர் எல்லாம் அதில்தான். ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை நான் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பழைய டூத் பிரஷ், கிழிந்த பனியன் துணி, கீழே விரிக்க நாளிதழ். ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்து, காய்ந்ததும் செயினுக்கான எண்ணெய் அடித்து, கீழ்ச் செயினை விரலால் தூக்கித் தொய்வு பார்க்க வேண்டும். அதிகம் தொங்கினால் கியர் மாற்றும்போது வெட்டி வெட்டி இழுக்கும். அதிகம் இறுக்கினால் ஸ்பிராக்கெட் என்கிற பல்சக்கரமும் பேரிங்கும் தேயும். இதில் ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் படிக்கிற மாதிரி படியுங்கள்: இன்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்காதீர்கள். துணி மாட்டினால் விரலையும் சேர்த்து ஸ்பிராக்கெட்டுக்குள் இழுத்துவிடும், கையை எடுக்க நேரமே இருக்காது. என் மகள் உதவிக்கு வந்து உட்காருவாள். சாவி என் சட்டைப் பையில் இருக்கும்.

இதெல்லாம் அக்காவுக்குச் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. சொல்லக் கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. இவ்வளவு நாள் வீட்டில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

வண்டி வாங்கிய இரண்டாவது மாதம், ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் கீழிருந்து பஸ் ஏறி வந்தது. என் வேகம் அப்படியொன்றும் அதிகமில்லை. ஆனால் பஸ்ஸைப் பார்த்ததும் பதறி, ஓரத்திலிருந்த கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கண் போன பக்கம்தான் வண்டி போகும். நேராகச் சுவரை நோக்கிப் போனது. அந்த நேரத்தில் என் கால் செய்தது ஒரே காரியம், பின் பிரேக்கை அடியோடு மிதித்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் என் வண்டியில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. விழுந்தேன். கிளட்ச் லீவர் முறிந்தது, முழங்கை உரிந்தது, ஹெல்மெட்டின் இடப்பக்கம் சுவரில் தேய்ந்தது. பஸ் டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். "செவுத்தையே பாத்துட்டு வந்தீங்களே தம்பி, ரோடு அவ்வளவு இருந்துச்சே" என்றார்.

ரோடு இருந்தது. அது என் கண்ணில் படவே இல்லை. முன் பிரேக்கும் இருந்தது. அதைத் தொடவே தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். எனக்கு வண்டி சொல்லிக்கொடுத்தது அப்பா. அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே "முன் பிரேக்கைப் பிடிக்காத, தூக்கி அடிச்சிரும்" என்பதுதான். நம் ஊரில் எந்த அப்பா, எந்தச் சித்தப்பா அப்படிச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? அப்புறம் ஆர்டிஓ மைதானம். அப்பாவின் ஸ்பிளெண்டரில், கால் தரையில் படாமல் ஒரு எட்டு. இறங்கி வந்தால் லைசென்ஸ். பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை, வளைவில் கண் எங்கே இருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. கியர் வண்டிக்கு என்று கொடுக்கிற அந்த ஒரே லைசென்ஸில் 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. வண்டிகள் எங்கேயோ போய்விட்டன. ஸ்பிளெண்டருக்கு எட்டுக் குதிரைத் திறன்கூட முழுதாகக் கிடையாது. 1985-ல் வந்து அண்ணன்மார்களைப் பைத்தியமாக அடித்த ஆர்எக்ஸ் 100-க்கே 11-தான். 2001-ல் பல்சர் வந்தது. 2008-ல் யமஹா ஆர்15 வந்தபோது 17. 2012-ல் டியூக் 200 வந்தபோது 25. 2017 டிசம்பரில் நம் ஓசூரில் செய்த அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தபோது 34. அதைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருடத்தில் வண்டியின் வலு மூன்று மடங்கு ஏறியபோது, ஓட்டுகிறவனுக்கு வைக்கிற பரீட்சை அதே எட்டாகவே நிற்கிறது. ஐரோப்பாவில் 125 சிசி வண்டிக்கு ஒரு லைசென்ஸ், நடுத்தர வண்டிக்கு வேறு, பெரிய வண்டிக்கு வேறு. ஜப்பானில் 125 சிசி வரை, 400 சிசி வரை, அதற்கு மேல் என்று தனித்தனி. இங்கே ஏன் முடியாது? 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்று 2019 ஏப்ரலில் கொண்டுவர முடிந்ததே. வண்டிக்குக் கட்டாயப்படுத்த முடிந்ததை ஓட்டுகிறவனுக்கும் செய்ய வேண்டும். 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு.

விழுந்த மூன்றாம் மாதம் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். ஒரு ஜோடி டயர் மாற்றுகிற செலவு. ரேஸ் ஓட்டச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனவனை, முதல் ஒரு மணி நேரம் வெறுமனே நிறுத்தவைத்தார்கள். ஓட்டு, நிறுத்து. ஓட்டு, நிறுத்து. "முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதீங்க. எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி ஆரம்பிச்சு இறுக்குங்க" என்றார் பயிற்சியாளர். பிழியப் பிழிய வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. எடை ஏற ஏற முன் டயர் தரையை இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது. பின் சக்கரம் அப்போது லேசாகிவிடுகிறது, அதனால்தான் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் வழுக்குகிறது. இருபது வருடம் நான் நம்பியதற்கு நேர் எதிர். மதியம் இன்னொன்று. இடப்பக்கம் சாய வேண்டுமானால் இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். கேட்கும்போது தப்பாகத் தெரியும். தள்ளிப் பார்த்தால் வண்டி உடனே சாய்கிறது. இத்தனை வருடம் தெரியாமல் செய்துகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் தெரிந்து செய்தேன்.

அறுபதில் போகும்போது ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். ஆபத்தைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு நொடி தீர்ந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்குப் போகிற தூரம் நாலு மடங்காகும். இதை எந்த ஷோரூமிலும் எனக்குச் சொல்லவில்லை.

அதனால் அக்காவிடம் சொன்னது இது. வாங்கிக் கொடு. ஆனால் வண்டிக்கு ஒதுக்குகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வை. அதில் முதலில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட், அவன் தலைக்கு அளவு பார்த்து. ரோட்டோரம் குவித்து விற்கிறதை வாங்காதே. அப்புறம் கையுறை, கணுக்கால் மூடுகிற ஷூ. மீதியில் ஒரு நாள் பயிற்சி. பணம் பத்தாவிட்டால் வண்டியில் 150 சிசிக்கு இறங்கு, இதில் குறைக்காதே. சைலன்சரை மாற்றுகிறேன் என்று வந்தால் மட்டும் என்னிடம் அனுப்பு.

பையனிடம் நான் கேட்டது ஒன்றுதான். வண்டி வருவதற்கு முன்னால் பத்து ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா என்றேன். வந்தான். ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற ஒரு இடம், தார் ரோடு மட்டும் நேராக இருக்கிறது. தாத்தாவின் அதே பழைய ஸ்பிளெண்டர். ரோட்டோரம் ஒரு செங்கல். செங்கல் கிட்டே நாற்பதில் வந்து பிரேக் பிடிக்க வேண்டும். முதல் தடவை பழக்க தோஷத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தான். நின்ற இடம் வரை நடந்து எண்ணினோம், 22 எட்டு. இரண்டு பிரேக்கையும் பிழியச் சொன்னேன். பயந்து பயந்து பிடித்தான், 19. நாலைந்து தடவைக்குப் பிறகு 14.

அக்காவும் வந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, வேப்ப மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினாலு என்று நான் சத்தமாகச் சொன்னதும் ரோட்டுக்கு வந்தாள். இன்னொரு செங்கல்லைத் தேடி எடுத்து, அவன் நின்ற இடத்துக்கு ஓரெட்டு முன்னால் வைத்தாள்.

"இதைத் தாண்டாம நிறுத்தச் சொல்லு" என்றாள்.