"ரெஸ்யூம கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணும்மா"ன்னு இன்னொருத்தர் சொன்னா நான் கத்திடுவேன்

இன்னைக்கு காலையில மறுபடியும் ஒருத்தர். அப்பாவுக்கு தூரத்து சொந்தம், ஓசூர்ல நல்ல கம்பெனில இருக்கார், ரெஸ்யூம் அனுப்பி ரெண்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வாட்ஸ்அப்ல நீல டிக்கே விழுந்துச்சு. அடுத்த நிமிஷமே பதில்: "ரெஸ்யூம கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணும்மா". கூடவே ஒரு கும்பிடு எமோஜி. அவ்ளோதான். எதை இம்ப்ரூவ் பண்றது, எந்த வரி நல்லா இல்ல, ஒண்ணும் கிடையாது. டாக்டர்கிட்ட வயித்து வலின்னு போனா "உடம்ப பாத்துக்கோங்க"ன்னு சொல்லி அனுப்புற மாதிரி.

2025ல பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சேன். பாலக்கோட்டுக்குப் பக்கத்துல கிராமம். முடிச்சதுல இருந்து இந்த ஒரே வாக்கியத்த பிளேஸ்மெண்ட் சார், சீனியர் அக்கா, லிங்க்டுஇன்ல யாரோ ஒருத்தர், பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்தவர்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. சொல்றதுக்கு காசா பணமா.

முதல் ரெஸ்யூம் எங்க போட்டேன்னு கேளுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர். அந்த அண்ணாகிட்ட ஒரே ஒரு வேர்டு ஃபைல் இருக்கு, எத்தன வருஷமா இருக்குன்னு அவருக்கே தெரியாது, பேர மாத்துவார், காலேஜ மாத்துவார், பிரிண்ட் எடுத்துக் குடுத்துடுவார், அம்பது ரூபா. மேல "டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மெண்ட்"னு நாலு வரி அப்ஜெக்டிவ். கீழ அப்பா பேர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆச்சா ஆகலையா, நாடு எது, என்னென்ன பாஷை தெரியும். கடைசியில "மேற்கண்டவை அனைத்தும் உண்மை"ன்னு இங்கிலீஷ்ல ஒரு சத்தியப் பிரமாணம், ஊர், தேதி, கையெழுத்து. ராசி நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தா எச்ஆர் பூவும் பழமும் வாங்கிக்கிட்டு பொண்ணு பாக்கவே வந்திருப்பாங்க.

அதைக்கூட மன்னிச்சிடலாம். மூணு வாக்-இன் இன்டர்வியூ போயிட்டு வந்த அப்புறம் ஒரு நாள் சும்மா எடுத்து படிச்சா, ஹாபிஸ்ல "பிளேயிங் கிரிக்கெட்"னு இருக்கு. நான் பேட்ட கையில தொட்டதே இல்ல. ஊர்னு போட்ட இடத்துல பென்னாகரம். எனக்கு முன்னாடி பிரிண்ட் எடுத்துட்டுப் போன எவனோ ஒருத்தனோட ஹாபியும் ஊரும்! "மேற்கண்டவை அனைத்தும் உண்மை"க்கு கீழ கையெழுத்து மட்டும் என்னோடது. அந்தப் பையன் எங்க இருக்கானோ, அவன் பேப்பர்ல அவனுக்கு முன்னாடி வந்தவனோட என்ன ஒட்டிக்கிட்டு இருக்கோ.

சரி, இது ஆவாதுன்னு கேன்வான்ற டிசைன் ஆப்புக்குப் போனேன். இடது பக்கம் நீலப் பட்டை, அதுல வட்டமா என் போட்டோ, போனுக்கு ஒரு குட்டி படம், மெயிலுக்கு ஒரு குட்டி படம், ஸ்கில்ஸுக்கு கலர் கலரா பட்டை. ஜாவா 80 சதவீதம், பைத்தான் 70, டீம் ஒர்க் 95. பிளேஸ்மெண்ட் சார் பாத்துட்டு "இப்பதான்மா புரொஃபஷனலா இருக்கு"ன்னார். ஜாவால மிச்சம் 20 சதவீதம் எங்க போச்சு, யார் அளந்தாங்க, படியிலயா மரக்காலிலயா, யாரும் கேக்கல. நானும் யோசிக்கல. அத 140 எடத்துக்கு அனுப்பினேன். நூத்தி நாப்பது. எக்ஸெல்ல கணக்கு வெச்சிருக்கேன், அதனாலதான் இவ்ளோ வயிறு எரியுது.

அப்புறம்தான் பெங்களூர்ல இருக்கிற ஒரு ஃப்ரெண்டு சொன்னா, "உன் பிடிஎஃப்ப தொறந்து மொத்தத்தையும் செலக்ட் பண்ணி காப்பி எடுத்து நோட்பேட்ல ஒட்டிப் பாருடி"ன்னு. ஒட்டினேன். பாத்து சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. காலேஜ் பேரு பாதி வந்து நிக்குது, நடுவுல என் போன் நம்பர், அப்புறம் "டீம் ஒர்க்", அப்புறம் காலேஜ் பேரோட மீதி பாதி. மெயிலுக்கு வெச்சிருந்த குட்டி படம் ஒரு கட்டமா நிக்குது. ஜாவா பட்டை காணவே காணோம், அது வெறும் கோடு, எழுத்தே இல்ல. பெரிய கம்பெனிங்க நெறைய பேரு ஏடிஎஸ்னு ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்காங்க, நாம அனுப்புற ஃபைல்ல இருக்கிற எழுத்த மட்டும் உருவி பேரு, படிப்பு, ஸ்கில்னு கட்டம் கட்டமா அது போட்டுக்கும், அப்புறம் எச்ஆர் உக்காந்து "எஸ்க்யூஎல்"னு தேடினா அந்த வார்த்தை இருக்கிறவங்க மேல வருவாங்க. நம்ம ஃபைல இடதும் வலதும் கலந்து கூட்டாஞ்சோறு மாதிரி படிச்சிருந்தா நாம எங்க வர்றது. இதுல கேன்வால டவுன்லோடு பண்றப்போ "ஃப்ளாட்டன் பிடிஎஃப்"னு ஒரு டிக் இருக்கு, அது விழுந்துட்டா மொத்தமும் வெறும் படமா ஆயிடும், ஒரு எழுத்தக்கூட செலக்ட் பண்ண முடியாது. நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சேன், கம்பைலர் டிசைன்லாம் எழுதி பாஸ் பண்ணேன், இந்த நோட்பேட் விஷயத்த ஒரு ஆள் கிளாஸ்ல சொல்லல.

இன்னொன்னு. ஏடிஎஸ்தான் வில்லன், அத ஏமாத்தணும், வெள்ளை எழுத்துல கீவேர்டு ஒளிச்சு வைன்னு ஒரு கும்பல் ரீல்ஸ் போட்டு திரியுது. செஞ்சிடாதீங்க, அதே எழுத்து உருவி எடுத்த பக்கத்துல கறுப்பா தெரியும், மானம் போகும். ரிஜெக்ட் பண்றது பாதி நேரம் அப்ளை பண்றப்போ நிரப்புற ஃபார்ம்ல கேக்குற கேள்விங்கதான். ஃப்ரெஷர் வேலைன்னு போட்டிருப்பான், உள்ள போனா "எத்தனை வருட அனுபவம், குறைந்தது 2". அட அறிவாளிங்களா, 2 வருஷம் வேலை பாத்தவன் எப்படிய்யா ஃப்ரெஷர் ஆவான்? உண்மையா சைஃபர்னு போட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ரிஜெக்ட் மெயில். அந்த நேரத்துல எந்த எச்ஆர் முழிச்சிக்கிட்டு என் ரெஸ்யூம படிச்சிருக்கப் போறாங்க.

அதுலயும் ரெஸ்யூம அப்லோடு பண்ண அப்புறம் அதே விவரத்த மறுபடி மொத்தமா டைப் பண்ணச் சொல்றாங்க பாருங்க, அதுக்குத் தனியா ஒரு நரகம் இருக்கணும். பத்தாவது எவ்ளோ, பன்னெண்டாவது எவ்ளோ, எல்லாத்துலயும் 60க்கு மேல இருக்கணும், அரியர் நிக்கக் கூடாது. நாங்க 2021 பன்னெண்டாவது செட்டு. கொரோனாவால பரீட்சையே நடக்கல. பத்தாவது மார்க்ல பாதி, பதினொன்னாவதுல 20 சதவீதம், மீதி 30 பிராக்டிகல் இன்டர்னல்னு கலந்து போட்ட மார்க்கு. அத வெச்சு எங்கள வடிகட்டுறாங்க, அப்புறம் அதே ஆளுங்க இன்டர்வியூல "ஓ, நீங்க ஆல் பாஸ் பேட்சா"ன்னு சிரிக்கிறாங்க. எழுதவே விடாத பரீட்சைக்கு நான் என்னங்க பண்ண முடியும்.

அட்ரஸ் கதை வேற. பாலக்கோடுன்னு போட்டா "பெங்களூர் வர முடியுமா"ன்னு முதல் கேள்வி. எங்க தக்காளி தினமும் ராத்திரி லாரி ஏறி அங்கதான் போகுது, அதுகிட்ட யாரும் ரீலொகேட் ஆவியான்னு கேக்கல. ஃப்ரெண்டு அவ தங்கியிருக்கிற பிஜி ஹாஸ்டல் அட்ரஸையே போட்டுக்கச் சொன்னா. கடைசில அட்ரஸையே தூக்கிட்டு "தர்மபுரி மாவட்டம், பெங்களூர்ல உடனே சேர ரெடி"ன்னு ஒரே வரி போட்டேன், அது மட்டும் கொஞ்சம் வேலை செஞ்ச மாதிரி இருக்கு.

அட்வைஸ் மழை சொல்லி மாளாது. ஒருத்தர் ஒரே பக்கம்ன்றார், இன்னொருத்தர் ஒரு பக்கம்னா ஒண்ணும் தெரியாதவன்னு நெனப்பாங்கன்றார். போட்டோ வேணும், போட்டோ வேணாம். ஏஐகிட்ட குடுன்னாங்க, குடுத்தேன், அது என்ன பெரிய தளபதி ஆக்கிடுச்சு, எல்லா வரியும் நானே முன்ன நின்னு நடத்தின மாதிரி "ஸ்பியர்ஹெடட்", "லெவரேஜ்டு". நான் எங்க எதையும் ஸ்பியர்ஹெட் பண்ணேன், செமினார் ஹால்ல நாற்காலி எடுத்து போட்டேன். எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புல பாத்தா எல்லாரோட ரெஸ்யூமும் அதே வார்த்தைங்க. ரெஸ்யூம் சரிபார்க்க 999 ரூபான்றவன், வேலைக்கு முன்பணம் கட்டுன்ற கன்சல்டன்சி, இவங்களப் பத்தி எழுத ஆரம்பிச்சா விடிஞ்சிடும், விடுங்க.

உண்மையில என்ன குத்தினது புராஜெக்ட்டுதான். ஃபைனல் இயர்ல நாங்க நாலு பேர் சேந்து 6,000 ரூபாய்க்கு சேலத்துல ஒரு புராஜெக்ட் சென்டர்ல வாங்கினோம். ஆன்லைன் லைப்ரரி மேனேஜ்மெண்ட் சிஸ்டம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, ஸ்டாஃபுக்கும் தெரியும். ரெஸ்யூம்ல அதுதான் தலைப்புல தடிமனா. எலக்ட்ரானிக் சிட்டில ஒரு இன்டர்வியூ, ஊர்ல டவுன் பஸ் நமக்கு ஃப்ரீ, பெங்களூர் பஸ் ஃப்ரீ இல்ல, விடியக்காலம் கெளம்பி அம்மா கட்டிக் குடுத்த புளிசோறோட போனேன். அவர் சாதாரணமாத்தான் கேட்டார், "ஒரு புக்க ரெண்டு பேரு ஒரே நேரத்துல ரிசர்வ் பண்ணா உங்க கோட் என்ன பண்ணும்?" எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. என் கோட்னாரே, அதுல என் கை பட்டது பேரு போட்ட முதல் பக்கம் மட்டும்தான். "ஓகே, தேங்க்யூ"ன்னார். திரும்பி வர்ற வழியெல்லாம் ஓசூர் ரோட்டு டிராஃபிக்ல நின்னு நின்னு அத நெனச்சு நெனச்சு அவமானமா இருந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா நான் நெஜமாவே ஒண்ணு செஞ்சிருக்கேன். எங்க மாமா தக்காளி மண்டி வெச்சிருக்கார். கார்பன் வெச்ச பில் புக்குல எழுதுவார், யாரு எத்தன பொட்டி, என்ன ரேட்டு, கமிஷன் எவ்ளோ, இறக்குக்கூலி எவ்ளோ, முன்னாடி வாங்கின அட்வான்ஸ் எவ்ளோ கழிக்கணும், எல்லாம் கால்குலேட்டர்ல. சீசன்ல ஒரு காலையில அறுபது எழுபது பேர் வருவாங்க, கூட்டல்ல தப்பு வந்தா சண்டை. மூணாவது வருஷ லீவுல சும்மா இருக்கேன்னு முதல்ல ஒரு ஷீட் போட்டுக் குடுத்தேன், அப்புறம் பைத்தான்ல, ஃப்ளாஸ்க், எஸ்க்யூலைட் வெச்சு சின்னதா ஒண்ணு பண்ணேன், போன்லயே தட்டினா கணக்கு வந்துடும், விவசாயிக்கு வாட்ஸ்அப்ல பில்லும் போயிடும். மாமா இன்னைக்கு வரைக்கும் அதுலதான் ஓட்டுறார். இத ரெஸ்யூம்ல போடல. ஏன்? மண்டி, தக்காளின்னு போட்டா பட்டிக்காடுன்னு நெனப்பாங்கன்னு. ஏசி ரூம்ல உக்காந்திருக்கிறவங்க முன்னாடி தக்காளியா. காசு குடுத்து வாங்கின லைப்ரரிக்கு தடிமன் எழுத்து, ராத்திரி முழுக்க முழிச்சு எழுதினதுக்கு ஒரு வரி கூட இல்ல. எனக்கே என்ன நாலு சாத்து சாத்தணும்னு தோணுது.

போன மாசம் மொத்தத்தையும் கிழிச்சிட்டு உக்காந்தேன். ஒரே பக்கம், இடது வலதுன்னு பிரிக்கல, படம் பட்டை போட்டோ அப்பா பேர் சத்தியப் பிரமாணம் எதுவும் இல்ல. சதவீதத்த தூக்கிட்டேன், ஸ்கில்ஸ்ல கேட்டா பதில் சொல்ற அளவுக்கு தெரிஞ்சது மட்டும், வேலை விளம்பரத்துல அவன் எந்தப் பேர்ல கேக்குறானோ அதே பேர்ல. லைப்ரரி அவுட்டு. மேல முதல்ல மண்டி: "கார்பன் பில் புக்குக்கு பதிலா சீசன்ல தினமும் 60க்கும் மேற்பட்ட விவசாயிகளோட கணக்கு போடுற பில்லிங் ஆப், 2023 முதல் பயன்பாட்டில்", பக்கத்துல என் கோட் இருக்கிற கிட்ஹப் லிங்க். அத எழுத மூணு நாள் ஆச்சு. இங்கிலீஷ்ல "இறக்குக்கூலி"க்கு என்ன எழுதறதுன்னே ஒரு சாயங்காலம் போச்சு.

அதுக்கு ஒரு கால் வந்துச்சு. சின்ன கம்பெனி. இருபது நிமிஷம் மண்டியப் பத்தி மட்டும்தான் கேட்டார் அந்த சார், வேற எதையும் தொடல. "ஒரே பேர்ல ரெண்டு விவசாயி இருந்தா என்ன பண்றீங்க?"ன்னார். எங்க ஊர்ல முனியப்பன்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்புவாங்க சார், அதனால போன் நம்பர வெச்சு பிரிக்கிறேன்னு சொன்னேன். சிரிச்சார். வாழ்க்கையில முதல் தடவையா இன்டர்வியூல என் கை நடுங்கல. "வீ வில் கெட் பேக் டு யூ"ன்னார். மூணு வாரம் ஆச்சு. ஒரு மெயில் போட்டேன், பதில் இல்ல, ரிஜெக்ட்னு ஒரு வார்த்தை கூட இல்ல. சொன்னா என்னய்யா உங்க சொத்து கொறஞ்சிடுமா? இப்ப இந்த ஓசூர்காரர் வேற வந்து கும்பிடு போட்டு இம்ப்ரூவ் பண்ணச் சொல்றார். அவருக்கு நான் அனுப்பினதே பழைய நீலப் பட்டை ஃபைலு, புதுச அனுப்பினா அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகும் டிக் விழ.

இத டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே மாமா போன் பண்றார். "ஏம்மா, நம்ம முனியப்பனும் அவன் பையனும் ஒரே போன் நம்பர குடுத்திருக்காங்க போல, ரெண்டு பேரு கணக்கும் ஒண்ணா கலந்து நிக்குது, அப்பன் வாங்கின அட்வான்ஸ பையன் பில்லுல கழிச்சிடுச்சு, அவன் இங்க வந்து நின்னு கத்துறான், கொஞ்சம் என்னன்னு பாரும்மா."

இருங்க, போய் பாத்துட்டு வரேன்.