ஒரு வருஷக் காகிதம்

2021 ஜூன் 14 ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. பையன் அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தான். டென்னிஸ் ஆடுகிறவன். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-ம் தேதி வரும்வரை கல்லூரி கோச் யாரும் பிள்ளைக்கு போன் செய்யவோ மெசேஜ் அனுப்பவோ கூடாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ பெரும்பாலான ஆட்டங்களுக்கு வைத்திருக்கும் விதி இது. மணி பன்னிரண்டு அடித்தால் பேசலாம். சாப்பாட்டு மேஜை நடுவில் போனை வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு தாண்டி நாலு நிமிஷத்தில் முதல் மெசேஜ் வந்தது. பையன் போனை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

டாலஸில் நம் ஆட்கள் நடத்தும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதற்கப்புறம் ஒரே கேள்விதான். "ஃபுல் ஸ்காலர்ஷிப்பா?" ஆமாம் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொன்னால் பையனைக் குறைத்துப் பேசியது மாதிரி ஆகிவிடும். உண்மையில் என்சிஏஏவின் மேல் மட்டமான முதல் டிவிஷனில் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு அப்போது இருந்த உச்சவரம்பு நாலரை ஸ்காலர்ஷிப். ஒரு அணிக்கே நாலரை பேருக்கான பணம்தான். அதை எட்டு, பத்துப் பேருக்குக் கோச் பங்கு பிரிப்பார். பேஸ்பாலுக்குப் பதினொன்று புள்ளி ஏழு. அமெரிக்க ஃபுட்பாலுக்கு மட்டும் 85 முழு ஸ்காலர்ஷிப். எங்கள் பையனுக்கு வந்த பங்கு நாற்பது சதவீதம். "சீனியர்கள் போனதும் ஏற்றித் தருகிறேன்" என்று கோச் சொன்னார். வாயால் சொன்னார். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. எனக்கு அந்த ஒரு கல்லூரியோடு சண்டை இல்லை, விதியோடுதான் சண்டை.

2022 நவம்பரில் கையெழுத்து. இரண்டு காகிதங்கள். ஒன்று, இந்தக் கல்லூரிக்கே வருகிறேன் என்று பிள்ளை கட்டுப்படுகிற காகிதம். இன்னொன்று உதவித்தொகை ஒப்பந்தம். அதில் கீழே சின்ன எழுத்தில் "ஃபால் 2023 முதல் ஸ்ப்ரிங் 2024 வரை" என்று ஒரு வரி. அதாவது ஒரே ஒரு படிப்பு வருஷம். என் கணவர்தான் அதில் விரலை வைத்துக் கேட்டார், படிப்பு நாலு வருஷமாச்சே என்று. எல்லோருக்கும் இப்படித்தான், வருஷா வருஷம் புதுப்பிப்போம், வெறும் சம்பிரதாயம் என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட்டோம்.

அது சம்பிரதாயம் இல்லை. 1973-ல் என்சிஏஏ யோசித்துச் செய்த முடிவு. அதற்கு முன்னால் நாலு வருஷத்துக்குக் கொடுக்க இடம் இருந்தது. அந்த வருஷத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் உறுதி தரக் கூடாது என்று ஆக்கினார்கள். பிள்ளையின் ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் இதே நிலைதான். மறுபடியும் பல வருஷ ஸ்காலர்ஷிப் தரலாம் என்று வந்தபோதும், அது "தரலாம்" என்றுதான் வந்தது. "தர வேண்டும்" என்று இல்லை.

இதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரிக்காக ஃபுட்பால் ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்துபோனார். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், குடும்பஸ்தர். வேலையில் இறந்த தொழிலாளிக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரிக்காக ஆடியது வேலை ஆகாது என்று 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இந்த மாதிரி வழக்குகளுக்குப் பயந்துதான் "ஸ்டூடன்ட் அத்லெட்" என்ற சொல்லை உருவாக்கி எல்லா விதிகளிலும் நுழைத்தோம் என்று, அந்த அமைப்பைப் பல பத்தாண்டுகள் நடத்திய வால்டர் பையர்ஸே பின்னாளில் எழுதினார். மாணவன் என்றால் சம்பளம் கேட்க முடியாது. ஆட்டக்காரன் என்றால் கோச் சொல்கிறபடி ஆட வேண்டும். ஒரே பிள்ளையை இரண்டு பக்கமும் கட்டிப்போட ஒரு சொல். யோசிக்க யோசிக்க எனக்கு வயிறு எரிகிறது.

பணம் தரக் கூடாது என்ற சுவர் இப்போது இடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அந்த மெசேஜ் வந்து ஒரு வாரத்துக்குள், 2021 ஜூன் 21-ல், ஆட்டக்காரர்கள் போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பத்து நாளில், பிள்ளைகள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று வந்தது. 2025 ஜூன் 6-ல், ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம் இறுதியானது. பழைய ஆட்டக்காரர்களுக்கு 280 கோடி டாலர். இனிமேல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருஷம் ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அரங்கம் நிறைய ஆட்களை வரவைக்கிற பிள்ளை வெறுங்கையோடு போனது அநியாயம்தான்.

அதே சமரசத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டு, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஃபுட்பாலுக்கு 105, பேஸ்பாலுக்கு 34, டென்னிஸுக்கு 10. அந்தப் பத்துப் பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதினோராவது பிள்ளை?

எங்கள் பையன்தான் அந்தப் பதினோராவது பிள்ளை. சமரசம் இறுதியாகும் முன்பே, 2025 மார்ச் கடைசியில் கோச் கூப்பிட்டு, "இங்கே உனக்கு இனிமேல் இடம் இருக்காது, போர்ட்டலில் பேர் போடு, வேறு கல்லூரியில் நிறைய ஆடலாம்" என்று அன்பாகவே பேசியிருக்கிறார். போர்ட்டல் என்பது வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்களின் பட்டியல். பையன் எங்களிடம் கேட்காமல் அன்று சாயங்காலமே பேர் போட்டுவிட்டான். பத்தொன்பது வயசு. கோச் சொன்னால் செய்ய வேண்டும் என்று எட்டு வயசிலிருந்து பழக்கியதே நாங்கள்தானே.

ஆட்டம் சரியில்லை என்பதற்காக உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று 2015-ல் பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்கள், அதாவது கல்லூரிகளின் போட்டிக் கூட்டமைப்புகள், விதி கொண்டுவந்தன. நல்ல விதி. ஆனால் பிள்ளை தானாகப் போர்ட்டலில் பேர் போட்டுவிட்டால், அந்தப் பருவம் முடிந்ததும் கல்லூரி கையைக் கழுவிவிடலாம். பேர் போட்டது யார் சொல்லி என்று யாரும் கேட்பதில்லை. அவன் போடாமல் இருந்திருந்தால், மேல்முறையீடு செய்து எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கவாவது இடம் இருந்திருக்கும். ஜூன் மாதம் கடிதம் வந்தது. அடுத்த வருஷ உதவி: பூஜ்யம்.

இப்படி வெட்டப்பட்ட பிள்ளைகளுக்கு ஏதாவது வழி செய்தால்தான் ஒப்புதல் என்று ஏப்ரலில் நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்தைத் திருப்பி அனுப்பினார். அந்த அம்மாவுக்கு நான் மனசார நன்றி சொல்கிறேன். அதன்படி இந்தப் பிள்ளைகளை வரம்பில் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பாருங்கள், இங்கேயும் "லாம்"தான். எங்கள் கல்லூரி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மே மாதம்தான் இங்கே பக்கத்தில் வேகோவில் தேசியப் பட்டத்துக்கான ஆட்டங்கள் நடந்தன. மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷ் ஆடிய வேக் ஃபாரஸ்ட் அணி கோப்பையை வென்றது. என் மகன் டிவி முன்னால் எழுந்து நின்று கை தட்டினான். பொறாமை துளியும் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. பதினேழு வயசுப் பிள்ளையிடம் இந்தக் கல்லூரிக்கே வருகிறேன் என்று எழுதி வாங்கினார்கள். அந்தப் பிள்ளை அணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தோள்பட்டை போனாலும், கோச் மாறினாலும், ஒழுங்காகப் படிக்கிறவரை முதலில் சொன்ன பங்கைப் பட்டம் வாங்கும்வரை தருகிறோம் என்று கல்லூரியும் எழுதித் தர வேண்டும். "லாம்" கூடாது. கோடிக்கணக்கில் பங்கு பிரிக்க வழி கண்டவர்களுக்கு இது பாரமே இல்லை. இதைச் சட்டமாக்க வேண்டும் என்று எங்கள் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். டெக்ஸஸில் இருக்கும் நண்பர்கள், உங்கள் பிள்ளை ஆடாவிட்டாலும், ஒரு கடிதம் எழுதுங்கள்.

பையன் அங்கேயேதான் படிக்கிறான். அறுபது சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம், இப்போது நூறும் நாங்களே. சனிக்கிழமைகளில் பக்கத்துப் பூங்காவில் சின்னப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறான்.

சின்னவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. நீச்சல். அவளுடைய ஜூன் 15-ம் தூரத்தில் இல்லை. அன்றைக்கும் போன் மேஜை நடுவில்தான் இருக்கும். முதல் கோச் பேசும்போது அவள் கேட்க வேண்டிய முதல் கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான் அவள் அண்ணன்: "எத்தனை வருஷத்துக்கு, சார்? அதை எழுதித் தருவீர்களா?"