அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் தலைவர் அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை

போன கிராம சபையில எந்திரிச்சு நின்னு நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அண்ணாச்சி, நம்ம ஊர் துணை சுகாதார நிலையத்துக்குத் தண்ணி வரல. அதைத் தீர்மானத்துல எழுதுங்க." எங்க தலைவர் நல்ல மனுசர். நடுராத்திரி மோட்டார் ஓடலைன்னாலும் டார்ச்சோட வந்து நிப்பார். அவர் சொன்ன பதில்: "அது கவர்மென்ட் ஆஸ்பத்திரில்லா தாயி. நமக்கு ரோடு, தண்ணி, லைட்டு, அவ்வளவுதான்."

கூட்டத்துல ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. வீட்டுக்கு வந்தும் அது மனசை விட்டுப் போகல. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுதேன்.

எங்க அம்மா முக்கூடல் பக்கம் முப்பத்தஞ்சு வருசமா பீடி சுத்துதா. 2016-ல சுகர்னு தெரிஞ்சது. ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை இலவசம்தான். ஆனா அது ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. காலையில ஒரு மினி பஸ், அதை விட்டா மத்தியானம். "அங்க போய் நின்னா அன்னைக்குப் பீடியை யாரு சுத்துவா ஏட்டி?"ன்னு கேப்பா. பக்கத்து டவுண்ல ஒரு கிளினிக்ல காட்டிட்டு, மருந்துக் கடையில மாத்திரை வாங்கிக்கிடுவா. கையில காசு இல்லாத வாரம் ஒரு மாத்திரையைப் பாதியா உடைச்சு ரெண்டு நாளைக்கு வச்சுக்கிடுவா. எங்க யாருக்கும் சொல்லல. 2019-ல இடது கால் பெருவிரல் கறுத்த பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சது.

அப்ப கைகொடுத்தது காப்பீட்டு அட்டை. திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில படுக்க வச்சு விரலை எடுத்தாங்க. நாங்க ஒரு பைசா கட்டல. அந்த அட்டைக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்லுதேன். 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா வந்து, 2012-ல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட சேர்ந்தது. இப்ப ஒரு குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்குது. அது மட்டும் இல்லைன்னா எங்க வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போயிருக்கும்.

ஆனா பெரும்பாலும் ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் அந்த அட்டை செல்லும். நடந்துபோய் டாக்டரைப் பாத்துட்டு வர்றதுக்கும், மாசாமாசம் முழுங்குற மாத்திரைக்கும் அதுல இடமில்ல. எங்க அம்மா விரலை எடுக்கப் பணம் இருந்தது, அந்த விரலைக் காப்பாத்தப் பணம் இல்ல. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டோட மொத்த மருத்துவச் செலவுல 39.4 சதவீதம் ஜனங்க கைக்காசு. 2013-14-ல 64.2 சதவீதம் இருந்தது, நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா பாதி மாத்திரை திங்கிறவங்களை எந்தக் கணக்குல எழுதுவாங்க?

2018 ஆயுஷ்மான் பாரத்துக்கு ரெண்டு கால். ஒண்ணு இந்த அட்டை. இன்னொண்ணு, நாடு முழுக்க ஒன்றரை லட்சம் துணை சுகாதார நிலையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நலவாழ்வு மையங்களா மாத்துறது. சுகர், பிரஷரை வீட்டுப் பக்கத்துலயே கண்டுபிடிச்சு அங்கேயே மாத்திரை குடுக்கத்தான் அது. எங்க ஊர்ல அது நம்ம நர்சம்மா இருக்குற கட்டடம். குழந்தைக்கு ஊசி போடுற நாள்ல அந்தம்மா பக்கத்து வீட்டுல குடம் வாங்கித் தண்ணி சுமக்குது. தண்ணி யார் பொறுப்பு அண்ணாச்சி? நீங்களே சொன்னீங்க, நமக்கு ரோடு, தண்ணி, லைட்டுன்னு.

அரசியல் சட்டத்தோட 73-வது திருத்தம் ஊராட்சிகளுக்குன்னு பதினோராவது அட்டவணையில 29 பொறுப்பை எழுதியிருக்கு. 23-வது, சுகாதாரம். ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம், மருந்தகம்னு பேர் சொல்லியே இருக்கு. மத்திய அரசுப் பணத்தை மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் எப்படிப் பங்கிடணும்னு சொல்லுற 15-வது நிதிக்குழு 2021-லிருந்து 2026 வரைக்கும் உள்ளாட்சி வழியா சுகாதாரத்துக்குன்னே 70,051 கோடி ரூபாய் பரிந்துரைச்சது. கிராம சுகாதாரக் குழுவுக்கு வருசம் 10,000 ரூபாய் வருது, அதுக்குத் தலைவரே நீங்கதான். நீங்களும் கவர்மென்ட்தான் அண்ணாச்சி.

புளியரை தாண்டினா கேரளா. அங்க தொண்ணூறுகள்லயே ஆரம்ப சுகாதார நிலையத்தை ஊராட்சி கையில குடுத்துட்டாங்க. படுத்த படுக்கையா கிடக்கவங்களை வீடு தேடிப் போய்ப் பாக்க ஊராட்சியே நர்ஸ் வைக்குது. நமக்கும் தெரியாத காரியமில்ல. 2021-ல மக்களைத் தேடி மருத்துவம்னு தமிழ்நாடு அரசோட திட்டம் வந்த பிறகு எங்க தெரு மகளிர் குழு அக்கா ஒருத்தங்க அம்மாவுக்கு வீட்டுலயே பிரஷர் பாக்காங்க, மாத்திரை குடுக்காங்க. அன்னையிலிருந்து அம்மா ஒரு மாத்திரையைக்கூட உடைக்கல. இதுதான் எனக்குத் தெரிஞ்ச மருத்துவச் சீர்திருத்தம்.

அதனால அக்டோபர் 2-க்கு நான் கேக்கது இதுதான். துணை சுகாதார நிலையத்துக்குக் குழாய், லைட்டு, வயசானவங்க ஏறச் சாய்தளம். சுகாதாரக் குழுவோட வரவு செலவைச் சபையில வாசிக்கணும். வெளிநோயாளிச் செலவையும் காப்பீட்டுல சேர்க்கச் சொல்லி மத்திய, மாநில அரசுகளுக்கு ஒரு தீர்மானம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள்ள அரசோட மருத்துவச் செலவை நாட்டு உற்பத்தியில 2.5 சதவீதமா உயர்த்துவோம்னு எழுதினது. 2021-22-ல அது 1.84. அந்த வாக்கையும் தீர்மானத்துல ஞாபகப்படுத்தணும்.

"ஒரு ஊர்க் காகிதம் டெல்லியில என்ன செய்யும்?"னு எங்க சித்தப்பாவே கேட்டார். நெல்லை மாவட்டத்துல 204 ஊராட்சி இருக்கு சித்தப்பா. 204 தலைவர்களும் இதே தீர்மானத்தைப் போட்டு எம்.பி. கையில குடுத்தா, அவர் அதை மடிச்சு வச்சுட்டுப் போக முடியாது. ஓட்டுக்கு அவர் நடக்கது இந்தத் தலைவர்களோட தெருவுலதான்.

மனு எழுதிட்டேன். நேத்து சாயங்காலம் வரை 43 கையெழுத்து. முதல் கையெழுத்து அம்மா போட்டது. சபைக்கும் வாரேன்னு சொல்லியிருக்கா. ரொம்ப நேரம் நிக்க முடியாது, ஆட்டோ சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கு ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்க அண்ணாச்சி.