மருமகன் இருக்கும் நாடு தெரியும், மாமி படிப்பித்த பாடம் தெரியாது

விக்கிப்பீடியாவில் பெண்களைப் பற்றி எழுதுகிறேன் என்றால் திருகோணமலையில் முதலில் கேட்பது, "காசு தருவாங்களோ?" தரமாட்டார்கள். அடுத்தது, "அப்ப எங்கட அம்மாவப் பத்தியும் ஒண்டு எழுதுங்களன்." இதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

அம்மா காலமெல்லாம் படிப்பித்தவர், நாடகம் பழக்கியவர். சரி. ஆனால் விக்கிப்பீடியாவில் கட்டுரை நிற்க, குடும்பத்துக்கு வெளியே யாராவது அதை அச்சில் எழுதியிருக்க வேண்டுமே! தேடினால் அகப்படுவது மரண அறிவித்தல் ஒன்றுதான். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், கனடாவில் இருக்கும் இன்னாரின் மாமியாரும் ஆவார். தொழில், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்: ஓய்வுபெற்ற ஆசிரியை. என்ன பாடம், எந்தப் பள்ளிக்கூடம்? மூச்சு இல்லை.

பழைய செய்திகள் இன்னும் மோசம். 'திருமதி' போட்டு, கணவர் பெயரை எழுதி, முடித்துவிடுவார்கள். கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்தோடு கதை எழுதியவரும், பிறகு கணவர் பெயரில் மேடையேறியவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 1932இல் கொழும்பு வடக்கில் வென்று, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போன நேசம் சரவணமுத்துவைக்கூட நாம் கணவர் பெயரோடுதான் அறிவோம்.

விக்கிப்பீடியாவைத் திட்டுவது சுலபம். திட்டவும் வேண்டும். கனடாவின் டொனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய வரைவை 2018 மே மாதம் மூலங்கள் போதாது என்று திருப்பினார்கள். ஒக்டோபரில் அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு! ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கைக் குறிப்புகளில் பெண்கள் இன்றும் ஏறத்தாழ 20 வீதம்தான். இந்தக் குறையைத் தீர்க்கப் பெண்களைப் பற்றிக் கட்டுரை எழுதும் 'விமன் இன் ரெட்' திட்டம் 2015இல் தொடங்கியபோது 15 வீதத்தை ஒட்டி இருந்தது. அதற்காக மூலம் கேட்கும் விதியைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். தளர்த்தினால் முதலில் உள்ளே வருவது நம்முடைய அரசியல்வாதிகளின் புகழ்மாலைதான்.

என் சண்டை எங்கள் செய்தியறைகளோடு. நிலாவெளியில் மீனவப் பெண்கள் சங்கத் தலைவியைப் பேட்டி கண்டால் அவருடைய சொந்தப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த ஊர் மூன்றையும் கேட்டு எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? "அதெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை, அவர்ட பேரையே போடுங்க" என்பார்கள். விடாமல் கேட்க வேண்டும். நாமே எடுத்த படமென்றால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில், விக்கிப்பீடியாவுக்கான படங்கள் இருக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி ஒட்ட முடியாது.

1990 இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் போன அல்பங்கள் போனவைதான். மிச்சம் இருப்பவை அலுமாரிகளில் இருக்கின்றன. பள்ளிக்கூட மலர், அந்தியேட்டிக்குக் கொடுத்த நினைவு மலர் எதுவானாலும் ஸ்கேன் செய்து, 2005இலிருந்து இயங்கும் 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். குடும்பம் அச்சிட்ட மலரை வைத்துத் தனிக் கட்டுரை நிற்காது. ஆனால் பிறந்த ஆண்டும் கலியாணத்துக்கு முந்திய பெயரும் கிடைத்தால், பழைய பத்திரிகையில் யாரைத் தேடுவது என்றாவது எங்களுக்குத் தெரியும். ஐயாவின் மலர்தான் இருக்கிறது என்றாலும் தாருங்கள். அம்மாவின் முழுப் பெயர் அதில் எங்காவது இருக்கும்.