போர் நின்றாலும் செலவு நிற்காது
"ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் முடிந்ததால் அமெரிக்க அரசின் சுமை இனி இறங்கும்" என்கிறது ஒரு கட்டுரை. இதை ஏற்க முடியவில்லை, போரின் மருத்துவச் செலவு துப்பாக்கி ஓய்ந்த பிறகுதான் ஏறவே தொடங்கும். வியட்நாமில் அமெரிக்கப் படை ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சுக் களைக்கொல்லியைத் தெளிப்பது நின்றது 1971-இல், அதனால் நோயுற்ற வீரர்களுக்கான சட்டம் வந்ததோ 1991-இல். ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் பிளாஸ்டிக், பெயின்ட், மருத்துவக் கழிவு என அத்தனையையும் விமான எரிபொருள் ஊற்றித் திறந்த குழியில் எரித்தார்களே, அந்தப் புகையால் நோயுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையும் இழப்பீடும் தரும் பேக்ட் (PACT) சட்டம் 2022 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது. அதுவரை இழப்பீடு கேட்டு மனுச் செய்தால் நோய், பணியில் நேர்ந்த பாதிப்பு, இரண்டையும் இணைக்கும் மருத்துவர் கருத்து ஆகிய மூன்றையும் வீரரே காட்ட வேண்டியிருந்தது. எந்த நாளில் எந்தப் புகையைச் சுவாசித்தார் என்று யார் குறித்து வைத்தார்கள்? பாவம், அந்த மூன்றாவதில்தான் மனுக்கள் அடிபட்டன. இப்போது சட்டத்தின் பட்டியலில் உள்ள நோயும், குறிப்பிட்ட நாட்டில் குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றிய பதிவும் இருந்தால், இணைப்பைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. "என் மனுவை முன்பே மறுத்துவிட்டார்கள், இனி என்ன செய்வது?" என்று கேட்டவருக்கு: முதல் மனுவுக்கான படிவத்தை மறுபடி நிரப்பாதீர்கள். 20-0995 என்ற துணை மனுப் படிவத்தில் நோயின் பெயரையும் மறுப்புக் கடிதத்தின் தேதியையும் எழுதி அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறைக்கு அனுப்புங்கள்.