மலைப்பாதையும் டீசல் புகை வடிகட்டியும்

புதிய பிக்அப் வண்டியில் முதல் சில மாதங்களில் வரும் கோளாறுகளுக்கு ஓட்டுநரின் பழக்கமே காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்திற்காக, சென்ற கார்த்திகையில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட டீசல் பிக்அப் ஒன்றை வாங்கினேன். இரண்டே மாதத்தில், புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் புகை வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு மூன்று முறை எரிந்தது.

2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான டீசல் வண்டிகளில் உள்ள இந்த வடிகட்டி, புகை நன்கு சூடேறி, வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் தன்னுள் சேர்ந்த கரியை எரித்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில், இன்ஜின் சூடாகும் முன்பே, தோட்டத்திலிருந்து உலர்களம் வரை இரண்டு கிலோமீட்டர் முதல் கியரில் ஊர்ந்து சென்று நின்றுவிடும் வண்டியில் அது எப்படி நடக்கும்? சர்வீஸ் நிலையத்தார் முதல் இரண்டு முறையும் விளக்கை அணைத்து அனுப்பினார்களே தவிர, இதை விளக்கவில்லை. இப்போது வாரம் ஒருமுறை, சேலத்தில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் புறவழிச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்புகிறேன். டீசல் செலவு என்னுடையது. வண்டி எங்கே ஓடப்போகிறது என்று விற்பனையாளர் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.